பையில் வைத்த கமரா வேறு, வெளியே எடுத்த கமரா வேறு

கொட்டாஞ்சேனை வாசி

எல்லோருக்கும் வணக்கம். நடந்ததை முதலில் சொல்கிறேன், கேள்வி கடைசியில்.

சனிக்கிழமை பெரியம்மாவின் மகனுக்குக் கலியாணம், பம்பலப்பிட்டியில் ஒரு மண்டபம். காசு கொடுத்துப் பிடித்த படக்காரர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். நான் சும்மா சொந்தக்காரக் கமரா. விடிய எழும்பி எல்லாம் சரி பார்த்துத்தான் பையில் வைத்தேன். புறக்கோட்டை வரை ஓட்டோ, அங்கிருந்து 100ஆம் இலக்க பஸ். நிற்க இடமில்லை. சீட்டில் இருந்த அம்மா ஒருவர் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். பக்குவமாகத்தான் வைத்திருந்தார், அவரைக் குறை சொல்ல முடியாது.

மண்டபத்தில் இருநூறு படத்துக்கு மேல் எடுத்தேன். இரவு மடிக்கணினியில் போட்டுப் பார்த்தால் கூறைச் சேலையின் சரிகைக் கரை வெள்ளைக் கடுதாசி மாதிரி இருக்கிறது. ஐயரின் வேட்டி எங்கே முடிகிறது, பின்னால் சுவர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. கமராவை எடுத்துப் பார்த்தேன். மேலே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டயல் +1.7இல் நிற்கிறது. பூச்சியத்திலிருந்து ஐந்து 'டிக்'. நான் கை வைக்கவே இல்லை.

போன மாதம் காலிமுகத்திடலில் பட்டம் எடுக்கப் போனபோதும் இப்படித்தான். லென்ஸ் பக்கத்து ஸ்விட்ச் தானாக, குவியத்தைக் கையால் சரிசெய்யும் மனுவலுக்குப் போயிருந்தது. அரை மணித்தியாலம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன்.

பிராண்ட் சண்டை வரும் என்பதால் கமராவின் பெயரைச் சொல்லவில்லை. இது என் ஒருவனுக்கு மட்டுமா, உங்களுக்கும் நடக்கிறதா? நடந்தால் என்ன செய்கிறீர்கள்?

ரா மட்டும்

இதற்கு ஏன் தம்பி இவ்வளவு கவலை? ரா ஃபைலில், அதாவது கமரா தன் பாட்டில் திருத்தாமல் அப்படியே சேமிக்கும் ஃபைலில் எடுங்கள். வெள்ளைச் சமநிலை மாறியதா, நிறப் பாணி மாறியதா, வெளிச்சம் கூடியதா, எல்லாம் வீட்டில் வந்து திருத்தலாம். பஸ்ஸில் எந்த டயல் எங்கே சுழன்றால் எனக்கென்ன?

மணவறைக் கமரா

கொட்டாஞ்சேனைத் தம்பி, நான் பதினாறு வருடமாகக் கலியாணம், சாமத்தியவீடு என்று எடுக்கிறவள். உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. இரண்டு கேள்வி கேட்கிறேன்.

ஒன்று: கமரா பையில் இருந்ததா, இல்லை மண்டபத்தில் தோளில் தொங்கியதா? அடியில் முக்காலி மாட்டும் ஓட்டையில் திருகித் தொங்கவிடும் பட்டி என்றால் கமரா தலைகீழாக நிற்கும். மேல்தட்டு டயல் எல்லாம் தொடைப் பக்கம் வந்துவிடும். காற்சட்டைப் பையில் திறப்புக்கோவை இருந்தால் நடக்க நடக்க அது உரசிக்கொண்டே இருக்கும்.

இரண்டு: உங்களுடையது உள்ளே கண்ணாடி இல்லாத (மிரர்லெஸ்) புது வகைக் கமரா மாதிரித் தெரிகிறது. அதில் பார்க்கும்போதே படம் எவ்வளவு வெளிச்சமாக வரும் என்று தெரியவேண்டுமே. ஐந்து டிக் கூடினால் கண்ணில் குத்தியிருக்கும். ஏன் தெரியவில்லை?

ரா மட்டும் அண்ணைக்கு: சரிகை முழுவதும் வெந்து வெள்ளையாகிவிட்டால் ராவிலும் அங்கே ஒன்றும் இருக்காது. கொஞ்சம் மீட்கலாம், முழுவதும் மீட்க முடியாது. குவியம் பிழைத்ததையும் ஷட்டர் வேகம் 1/15 செக்கனுக்கு இறங்கிக் கலங்கியதையும் எந்த ரா திருத்தும்?

கொட்டாஞ்சேனை வாசி

அக்கா, இரண்டாவது கேள்வியில் பிடிபட்டுவிட்டேன். போன மாதம் ஒரு பிறந்தநாளுக்கு ஃபிளாஷ் போட்டு எடுத்தேன். மனுவலில் ஃபிளாஷ் வைத்தால் பார்வைத் துவாரத்தில் எல்லாம் இருட்டாகத் தெரிகிறதே, அதற்காக 'அமைப்பைக் காட்டு' என்பதை மெனுவில் நிறுத்தி வைத்தேன். திரும்பப் போட மறந்துபோனேன். அதனால் கலியாணத்தில் என்னதான் டயல் ஓடியிருந்தாலும் பார்க்கும்போது எல்லாம் வடிவாகத்தான் தெரிந்தது.

முதல் கேள்விக்கு: மண்டபத்தில் கழுத்துப் பட்டிதான். தலைகீழ்ப் பட்டி என்னிடம் இல்லை.

மணவறைக் கமரா

அப்போது ஒரு பிழை இல்லை, இரண்டு. ஒன்று பஸ்ஸில் நடந்தது, மற்றது போன மாதமே நடந்தது. பின்திரையை நம்பினீர்களோ? மண்டப மூலையில் நின்று பார்க்கும்போது திரை எப்போதும் பளிச்சென்றுதான் இருக்கும், அது பொய் சொல்லும். வெந்த இடம் கறுப்பாக மினுங்கிக் காட்டும் எச்சரிக்கை ஒன்று மெனுவில் இருக்கும். அதைப் போட்டு வையுங்கள். ஐயரின் வேட்டி முழுவதும் மினுங்கத் தொடங்கினால் யாரும் சொல்லாமலே விளங்கும்.

வெள்ளவத்தைக் கடற்கரை

என் கதை இதைவிட மோசம், சிரிக்காதீர்கள்.

ஒரு நாள் கமராவை எடுத்துக் கண்ணில் வைத்தால் எல்லாம் மங்கல். லென்ஸைத் துடைத்தேன், கழற்றி மாட்டினேன், வேறு லென்ஸ் போட்டேன். அதுவும் மங்கல். கீழே விழுந்து உள்ளே ஏதோ உடைந்துவிட்டது என்று முடிவு கட்டி இரவு நித்திரை இல்லை. திருத்துகிற ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணில் வைத்தார், பார்வைத் துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு குட்டிச் சில்லை நகத்தால் ஒரு உருட்டு உருட்டினார், திரும்பத் தந்தார். காசும் வாங்கவில்லை. அவர் வாங்கியிருந்தால் எனக்கு வெட்கம் குறைவாக இருந்திருக்கும்.

கண்ணாடி போடுகிறவர்கள் தங்கள் கண்ணுக்கு ஏற்றபடி சரிசெய்யும் சில் அது. பையின் சுவரில் உரசிச் சுழன்றிருக்கிறது. எடுத்த படம் எல்லாம் கூர்மையாகத்தான் இருந்திருக்கிறது. எனக்குத் தெரிந்த காட்சிதான் மங்கல். பதற்றத்தில் ஒரு படத்தைக்கூடத் திரையில் பெருப்பித்துப் பார்க்கவில்லை.

யாருக்காவது இப்படி நடந்தால் காட்சியைப் பார்த்துச் சில்லை உருட்ட வேண்டாம். துவாரத்தின் உள்ளே கீழே ஓடும் எண்களைப் பாருங்கள். அவை கூராகத் தெரியும்வரை உருட்டினால் போதும்.

மூன்றாம் சந்தி

வெள்ளவத்தை அக்கா சொன்னதை எங்கேயாவது குறித்து வைக்கவேண்டும். நிக்கோன் டி850இல் அந்தச் சில்லை வெளியே இழுத்துத்தான் சுழற்றலாம், பிறகு உள்ளே தள்ளிவிட வேண்டும். இசட் 6, இசட் 7இலும் அப்படித்தான். சின்ன விசயம், ஆனால் யாரோ ஒருவர் பையோடு நடந்து பார்த்துத்தான் செய்திருக்கிறார்.

பழைய ஃபிலிம்காரன்

பிள்ளைகள், உங்களுக்கு இருநூறு படம் போனது. எங்களுக்கு ஒரு சுருளில் 36தான்.

என்னிடம் இருந்தது நிக்கோன் எஃப்எம்2. 1982இல் வந்த கமரா. அதில் ஃபிலிமின் வேகத்தை மாற்ற வேண்டுமென்றால் ஷட்டர் டயலின் வெளி வளையத்தை மேலே தூக்கித்தான் சுழற்ற வேண்டும். சும்மா உரசினால் அசையாது. ஃபிலிம் இழுக்கும் நெம்பை உடம்போடு ஒட்டத் தள்ளிவிட்டால் ஷட்டரும் பூட்டுப்படும், வெளிச்சமானியும் நிற்கும். பையில் போடும் முன் பெருவிரலால் ஒரு தள்ளு, அவ்வளவுதான்.

ஆனால் தானாக மாறாத டயலை நானே மறந்த கதை உண்டு. செட்டியார் தெருவில் இருந்து ஆடிவேல் தேர் புறப்படும் நாள். முதல் நாள் 400 வேக ஃபிலிம் போட்டிருந்தேன். அன்றைக்கு 100 போட்டுவிட்டு வளையத்தை மாற்றவில்லை. கதிரேசன் கோயில் வாசலில் இருந்து காலி வீதி வரை தேரின் பின்னால் நடந்து எடுத்தது முழுவதும் இரண்டு ஸ்டாப் குறைவு, அதாவது வேண்டிய வெளிச்சத்தில் காற்பங்குதான். கழுவி வந்த நெகட்டிவைப் பார்த்தால் வெறும் கண்ணாடி மாதிரி. அதற்குப் பிறகு ஃபிலிம் பெட்டியின் மூடியைக் கிழித்துப் பின்கதவில் இருக்கும் சின்னச் சட்டத்தில் செருகாமல் வாசற்படி தாண்டியதில்லை.

ரா மட்டும்

ஐயா, அது உங்கள் மறதி. தம்பிக்கு நடந்தது டயலின் குற்றம். இரண்டும் ஒன்றா?

பழைய ஃபிலிம்காரன்

கழுவி வந்த பிறகு இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும் மகன்.

தலங்கம நீர்க்கரை

பறவைக்காரர்களுக்கு டயலைவிட லென்ஸ்தான் தொல்லை. நீள லென்ஸின் பக்கத்தில் நாலைந்து ஸ்விட்ச் வரிசையாக இருக்கும்: ஆட்டோவா மனுவலா, நடுக்கம் தடுப்பதா வேண்டாமா, எவ்வளவு தூரத்தில் இருந்து குவியம் தேடுவது என்று. குழாய் மாதிரிப் பையில் இருந்து இழுத்தெடுக்கும்போது இவற்றில் ஏதாவது ஒன்று பையின் ஓரத்தில் மாட்டும்.

மற்ற இரண்டும் மாறினால் கெதியில் தெரிந்துவிடும். தூரம் கட்டுப்படுத்தும் ஸ்விட்ச்தான் கள்ளன். தூரத்தில் உள்ள கொக்கு சரியாக வரும், பக்கத்துக் கொப்பில் வந்து இருக்கும் மீன்கொத்திக்கு மட்டும் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடும், நிற்காது. லென்ஸ் பழுது என்று நினைப்போம். நான் தலங்கமவில் ஒரு முழுக் காலை அப்படி நினைத்தேன்.

இப்போது நாலு ஸ்விட்சுக்கும் மேல் ஒரு துண்டுத் துணி டேப். தேவை வந்தால் உரிக்கலாம். வருடத்தில் இரண்டு தரம்தான் தேவை வந்தது.

மூன்றாம் சந்தி

டயல் பூட்டு பற்றி யாரும் சொல்லவில்லையே. கெனன் 2010இல் 60டி கொண்டுவந்தபோது மோட் டயலின், அதாவது ஆட்டோ, மனுவல் என்று எடுக்கும் முறையைத் தெரிவு செய்யும் டயலின் நடுவில் ஒரு பொத்தானை வைத்தது. அதை அமுக்கினால்தான் சுழலும். அதற்கு முன்பே வாங்கிய 5டி மார்க் 2, 7டி காரர்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு அதே பூட்டைப் பொருத்திக் கொடுத்தார்கள். அந்த அளவுக்குக் கேட்டிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம். 2012இல் வந்த 5டி மார்க் 3இல் பூட்டு கூடவே வந்தது. சோனி 2019இல் ஏ7ஆர் 4இல்தான் வெளிச்ச டயலுக்குப் பூட்டு வைத்தது. அந்த வரிசையில் முன்னால் வந்த சிலவற்றில் மோட் டயலுக்குப் பூட்டு இருந்தாலும் வெளிச்ச டயலுக்கு இல்லை.

பூட்டிலும் இரண்டு சாதி. ஒன்று ஒவ்வொரு தரமும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு சுழற்றவேண்டும். மற்றது பேனை மாதிரி, ஒரு தரம் அமுக்கினால் பூட்டு, மறுதரம் அமுக்கினால் திறப்பு. ஃபுஜி எக்ஸ்-டி2இன் ஷட்டர் டயலும் ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) டயலும் இரண்டாவது வகை. எனக்கு அதுதான் பிடிக்கும். ஒவ்வொரு தரமும் அமுக்கிக்கொண்டிருக்க முடியாது.

பூட்டே இல்லையென்றால் மெனுவைத் துருவுங்கள். கெனனின் நல்ல உடல்களில் பின்பக்கம் பூட்டு நெம்பு ஒன்று இருக்கும், எந்தச் சில்லைப் பூட்டவேண்டும் என்று மெனுவில் தெரிவு செய்யலாம். நிக்கோனில் பொத்தானை அமுக்காமல் சில்லால் மட்டும் வெளிச்சம் மாறும் வசதியை நிறுத்தி வைக்கலாம்.

மணவறைக் கமரா

மோட் டயலில் சி1, சி2 என்று நம் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் இடங்களையும் சொல்லுங்கள். நான் சி1இல் மணவறை, சி2இல் வெளி வெளிச்சம் என்று வைத்திருக்கிறேன். என்ன மாறியிருந்தாலும் டயலை வேறு பக்கம் திருப்பிவிட்டுத் திரும்ப சி1க்கு வந்தால் பழையபடி நிற்கும்.

ஒரு பொறி மட்டும் உண்டு. கெனனில் 'மாற்றத்தைத் தானாகச் சேமி' என்று ஒரு வரி இருக்கிறது. அது போட்டிருந்தால் பையில் மாறியதும் சி1க்குள் போய்ச் சேர்ந்துவிடும். அதை நிறுத்தி வையுங்கள்.

கொழும்பு 13

தொடுதிரைக்காரர்கள் யாரும் இல்லையா? இடது கண்ணால் பார்க்கிற ஆள் நான். என் மூக்கு தினமும் திரையில் குவியப் புள்ளியை மூலைக்குத் தள்ளுகிறது. மணமகளின் முகத்துக்குப் பதிலாகக் குத்துவிளக்குத்தான் கூராக வருகிறது.

வெள்ளவத்தைக் கடற்கரை

துவாரத்தில் பார்த்துக்கொண்டே திரையைத் தொட்டுப் புள்ளி நகர்த்தும் வசதியை மெனுவில் நிறுத்துங்கள். மூக்கை நிறுத்த முடியாது.

பேரே வாவி

பையில் ஸ்விட்ச் தானாக 'ஆன்' ஆகிப் பற்றரி போவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பையின் உள்ளே இருக்கும் பிரிப்பான் ஷட்டர் பொத்தானை அரைவாசி அமுக்கிக்கொண்டே இருந்தால் கமரா நித்திரைக்கே போகாது. நவம் பெரஹரா ஊர்வலத்துக்கு கங்காராமை விகாரைப் பக்கம் நல்ல இடம் பிடித்து இரண்டு மணித்தியாலம் நின்றேன். முதல் யானை வரும்போது கமராவை எடுத்தால் சூடாக இருந்தது, கோதுமை ரொட்டி மாதிரி. பற்றரி பூச்சியம். மற்றப் பற்றரி வீட்டில் சார்ஜரில்.

இப்போது நீண்ட தூரம் போனால் பற்றரியைக் கழற்றித் தனியாக வைப்பேன்.

கொட்டாஞ்சேனை வாசி

மூன்று நாளாக ஒரு பரிசோதனை செய்தேன். கொஞ்சம் பைத்தியக்கார வேலைதான்.

டயலைப் பூச்சியத்தில் வைத்துப் பையில் போட்டு, வேலைக்குப் போகும் பஸ்ஸிலேயே கொண்டுபோனேன். முதல் நாள் அலுவலகத்தில் எடுத்துப் பார்த்தால் +0.7. இரண்டாம் நாள் வேண்டுமென்றே கூட்டமான பஸ்ஸில் நின்று, பையை இடுப்பில் அடிபட விட்டேன். இறங்கியதும் கமராவை வெளியே எடுக்கவில்லை. பையின் சிப்பைத் திறந்து, உள்ளே இருக்கும்போதே டயலைப் பார்த்தேன். பூச்சியம். அசையவே இல்லை. பிறகு கமராவை வழக்கம் போல் பிடித்து வெளியே எடுத்தேன். +1.

பஸ் இல்லை, அந்த அம்மாவின் மடியும் இல்லை. நான்தான்.

வீட்டில் மேசை விளக்குக்குக் கீழே வைத்து மெல்ல மெல்ல எடுத்துப் பார்த்தேன். என் பையில் நடுவில் ஒட்டும் பிரிப்பான் இருக்கிறது. அதன் மேல் ஓரத்தில் முரட்டு ஒட்டுப்பட்டி ஒரு விரல் அகலம் துருத்திக்கொண்டு நிற்கிறது. கமராவை கைப்பிடிப் பக்கம் கீழே இருக்கும்படி செங்குத்தாக வைக்கிறேன். எடுக்கும்போது டயலின் பல்லுப் பல்லான ஓரம் அந்தப் பட்டியில் மாட்டுகிறது. கை மேலே இழுக்க, பட்டி டயலைப் பிடித்துக்கொள்ள, டிக் டிக் டிக். சத்தம்கூடக் கேட்கிறது. பஸ் தரிப்பிடத்தில் யாருக்குக் கேட்கும்?

லென்ஸ் ஸ்விட்ச் விசயமும் அதே பட்டியாகத்தான் இருக்கவேண்டும், இன்னும் பிடிபடவில்லை.

தலங்கம நீர்க்கரை

இதுதான் நான் இந்த வருடம் வாசித்த நல்ல பதிவு. இவ்வளவு நாளும் பஸ்காரனைத் திட்டினேன்.

மணவறைக் கமரா

பிரிப்பானைத் தலைகீழாக ஒட்டுங்கள் தம்பி, பட்டி கீழே போய்விடும். கமராவை மறு பக்கம் திருப்பி வையுங்கள்.

என் பழக்கம் ஒன்றையும் சொல்கிறேன். எடுக்கும்போது மட்டும் பார்ப்பதில்லை, வைக்கும்போதும் பார்ப்பேன். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவுடன், சேலை மாற்ற முன்னமே, எல்லாவற்றையும் என் 'வீட்டு நிலை'க்குக் கொண்டுவருவேன். வெளிச்சம் பூச்சியம், ஐஎஸ்ஓ ஆட்டோ, தனிப்படம், லென்ஸ் ஆட்டோ. அடுப்பை நிற்பாட்டிவிட்டுப் படுக்கிற மாதிரி. அப்புறம் மண்டபத்தில் முதல் படம் எப்போதும் ஐயரின் வேட்டிதான். அவருக்கு அது தெரியும், நான் வந்தவுடன் ஒரு முறை நிமிர்ந்து நிற்பார்.

ரா மட்டும்

சரி, வேட்டி விசயத்தை ஒத்துக்கொள்கிறேன். ராவில் எடுத்தாலும்.

கொட்டாஞ்சேனை வாசி

பிரிப்பானைத் திருப்பிவிட்டேன். ஒரு கிழமையாக டயல் அசையவில்லை. அதோடு நிறுத்தாமல் தலங்கம அண்ணை சொன்னார் என்று வெளிச்ச டயலின் ஓரத்திலும் டேப் ஒட்டினேன். துணி டேப் கிடைக்கவில்லை, வயர் சுற்றும் கறுப்பு டேப்தான். இந்த வெயிலில் பசை உருகி ஒழுகி, உரித்தால் டயல் முழுவதும் பிசுபிசு என்று நிற்கிறது. என்ன போட்டுத் துடைப்பது?

தலங்கம நீர்க்கரை

ஐயோ, நான் துணி டேப் என்றல்லோ சொன்னேன்! வயர் டேப்பைக் கொழும்பு வெயிலுக்கு ஒட்டவே கூடாது.

பழைய ஃபிலிம்காரன்

மருந்துக்கடையில் ஸ்பிரிட் வாங்கு. காது துடைக்கும் பஞ்சுக் குச்சியில் ஒரு துளி, கமராவில் நேரே ஊற்றாதே. ரப்பரில் படவிடாதே. எண் எழுதியிருக்கும் இடத்தை அழுத்தித் தேய்க்காதே. பற்றரியைக் கழற்றிவிட்டுச் செய்.

கொட்டாஞ்சேனை வாசி

செய்தேன் ஐயா. எண் எல்லாம் அப்படியே இருக்கிறது. பல்லுகளின் இடுக்கில் மட்டும் கொஞ்சம் பசை மிஞ்சிவிட்டது, குச்சி உள்ளே போகவில்லை. இப்போது டயலைச் சுழற்ற இரண்டு விரல் வேண்டியிருக்கிறது. அதனால் மிச்சத்தைத் துடைக்காமல் விட்டுவிட்டேன்.